பொய்க்கொம்புக் கத்திகள்

சாவிக்காரர் வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று குடையை மடக்கி இரண்டு உதறு உதறினார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பையில் ஒரு மடக்குக்கத்தி இருந்தது. ஸ்பிரிங் செத்துப்போய், மடக்கினால் நிற்காமல் தொங்கிக்கொண்டிருந்த கத்தி. சரிசெய்து தருகிறேன் என்று வாங்கிப் போனவர், இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார். அதற்குள் கொடுத்தவளே போய்விட்டாள்.

"வேலை எப்பவோ முடிஞ்சிருச்சும்மா. கொண்டு வந்து கொடுக்கத்தான் கால் வரல," என்றார்.

"இப்ப வந்துச்சுல்ல. காலைத் தொடச்சுட்டு உள்ள வாங்க," என்றாள் அத்தை.

அவள் தையல் மெஷினை விட்டு எழுந்தாள். முன்னறை முழுக்கப் பள்ளிக்கூடச் சீருடைகள். நீளம் குறைக்க வேண்டியவை ஒரு குவியல், இடுப்பு பிரிக்க வேண்டியவை ஒரு குவியல். அவற்றுக்கு நடுவே மெஷினுக்கு ஒரு இடம், உட்கார ஒரு ஸ்டூல். மீதி வீடு மருமகனுடையது.

மகள் இருந்தவரைக்கும் மாமியார், மருமகன் என்று சொல்ல நடுவில் ஓர் ஆள் இருந்தது. இப்போது இல்லை. இருந்தும் அத்தை இங்கேயேதான் இருந்தாள். போகச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. போகிறேன் என்று சொல்ல அவளுக்கும் வரவில்லை. காலையில் டீ, ராத்திரி சோறு, நடுவில் "கதவைச் சாத்திக்கோங்க", "சாத்திட்டேன்". இரண்டு பேருக்கும் அதுவே போதுமாக இருந்தது. அல்லது போதும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

அவனுக்கு நகரத்துக் குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. தெருவில் 'தண்ணி சார்' என்பார்கள். புதிதாகக் குடிவருகிறவர்கள் கொஞ்ச நாள் அவனைத் தள்ளி நின்று பார்ப்பார்கள். அவன் யாருக்கும் விளக்கம் சொன்னதில்லை. மனைவிதான் சிரித்துச் சிரித்து எல்லோரிடமும் சொல்லிவைப்பாள்.

அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்தாள். நாள் முழுக்க ஒரு மயிரிழைக் கனத்தைப் பார்த்துப் பார்த்து, சாயங்காலம் தலைவலியோடு வருவாள். நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டு, தட்டில் பரப்பி வைத்த கத்திகளை ஒவ்வொன்றாகத் துடைப்பாள். எல்லாம் பழைய மடக்குக்கத்திகள். எல்லாவற்றின் பிடியும் மான்கொம்பு போல இருக்கும். ஒன்றுகூட மான்கொம்பு இல்லை. சாயம் ஏற்றிய எலும்பு, பிளாஸ்டிக், செல்லுலாய்டு. நிஜக் கொம்பை அவள் தொடமாட்டாள். பழைய சாமான் சந்தையில் யாராவது காட்டினால், "இது வேண்டாங்க, பொய் இருந்தா காட்டுங்க," என்பாள். சாவிக்காரர் அந்தச் சந்தையில் பழக்கம். அவரும் மடக்குக்கத்தி சேர்ப்பவர். நிஜக் கொம்பு மட்டும். இரண்டு பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சண்டை.

ஒரு நாள் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவள் திரும்பவில்லை.

அந்த வாரம் வீடு நிறையக் கூட்டம், கூட்டத்தில் குழந்தைகள். கையைக் காலை அறுத்துக்கொள்ளப் போகிறதுகள் என்று, அத்தை கத்திகளை எல்லாம் வாரி ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினாள். கூட்டம் போன பிறகு, ஃபிளானல் துணி வாங்கி, ஒவ்வொரு கத்திக்கும் அளவெடுத்து உறை தைத்தாள். உறையில் போட்டுத் திரும்ப அடுக்கி, மூடியின் விளிம்பைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டினாள். டப்பாவைப் படுக்கையறையில் மகளின் அலமாரியில் வைத்தாள். அவன் அந்த அறைக்குள் போவதையே விட்டிருந்தான். முன்னறைச் சோபாவில்தான் படுக்கை.

இன்று அந்த டப்பா முன்னறைக்கு வந்தது. அத்தை அதை மடியில் வைத்துக்கொண்டு நாடாவின் ஒரு ஓரத்தை நகத்தால் கிளப்பினாள். பலமுறை கிளப்பி ஒட்டிய நாடா. பசை போய் நூல் தெரிந்தது. மூடியை ஒரு விரல் அளவுக்குத் தூக்கினாள். முகத்தை அருகே கொண்டுபோய் மூச்சை இழுத்தாள். கண் மூடியிருந்தது.

"கொடுங்க, போட்டுடறேன்," என்று சாவிக்காரரிடம் கையை நீட்டினாள்.

சாவிக்காரர் மூக்கைச் சுருக்கினார். "என்னம்மா, தைலக் கடையத் தொறந்தாப்ல இருக்கு."

"அவ தைலம்தான். இன்னும் போகல பாருங்க."

அவன் சோபாவில் உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டிருந்தான். கற்பூர நெடி அவனிடமும் வந்தது. அதன் அடியில் இன்னொன்று இருந்தது. மூக்கின் உள்ளே குத்துகிற ஒன்று. அது தைலம் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது, ஏனென்றால் அது அவன் ஆபீஸ் வாசனை. அமில பாட்டில்கள் இருக்கிற அலமாரியைத் திறந்தால் அப்படித்தான் அடிக்கும்.

முட்டையை வைத்துவிட்டு எழுந்து வந்தான். மூடியின் உட்புறத்தைப் பார்த்தான். வெள்ளித் தகரம் செம்புள்ளி போட்டிருந்தது.

"அத்தை, முழுசாத் தொறங்க."

"எதுக்கு?"

"தொறங்க, சொல்றேன்."

அத்தை மூடியை அழுத்தினாள். "தொறந்தா போயிடும் மாப்ள."

"உள்ள கத்தியெல்லாம் கெட்டுக்கிட்டு இருக்கு."

"கெடுதா? ஒவ்வொண்ணையும் எண்ணெய் போட்டுத் தொடச்சு, உறை தச்சு வச்சிருக்கேன். நீங்க எட்டிப் பாத்தீங்களா ஒரு நாள்?"

அவன் பார்க்கவில்லைதான். உள்ளே போய் ஆபீஸ் பையைத் துழாவினான். நீல லிட்மஸ் தாள் புத்தகம் ஒன்று எப்போதும் அதில் கிடக்கும். ஒரு தாளைக் கிழித்து டம்ளர் தண்ணீரில் நனைத்தான். மூடி விலகிய இடுக்கில் தாளைப் பிடித்தான். மூன்று பேரும் பார்த்தார்கள். முதலில் ஓரம் சிவந்தது. பிறகு முழுதும்.

"அமிலம். ஆவியா வருது," என்றான். "செல்லுலாய்டுன்னு ஒரு பொருள். பழசானா அதுவே சிதைஞ்சு இந்த ஆவிய விடும். காத்துல இருந்தா கலைஞ்சு போயிடும். மூடி வச்சா பக்கத்துல இருக்கற இரும்பையெல்லாம் தின்னுடும். அதுக்குத்தான் அவ தட்டுல பரப்பி ஜன்னலோரம் வச்சிருந்தா."

சொல்லி முடித்தபோதுதான், அந்த வீட்டில் இத்தனை வார்த்தைகளை அவன் சேர்த்துப் பேசி எவ்வளவோ காலமாகிவிட்டது என்பது மூன்று பேருக்கும் உறைத்தது.

அத்தை சிவந்த தாளைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"அப்போ நான்தான் கெடுத்தேன்."

"அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொன்னீங்க? காகிதத்த நனைச்சுக் காட்டறீங்க, கோர்ட்டுல காட்டற மாதிரி."

"அம்மா, அவரு என்ன சொல்ல வர்றாருன்னா," என்று சாவிக்காரர் ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க. ஒரு ஸ்பிரிங்கு மாத்த வருஷம் எடுத்துக்கிட்டவரு."

சாவிக்காரர் சும்மா இருந்தார்.

அத்தை டப்பாவைக் கட்டிக்கொண்டாள். "இதத் தொறந்து பரப்புங்க. நாளைக்கே நான் என் பையன் வீட்டுக்குக் கெளம்பிடறேன். அவன் எத்தனையோ தடவ கூப்பிட்டுட்டான். இங்க எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான். இதுவும் இல்லன்னா இந்தத் துணிகளோட உட்கார்ந்து நான் என்ன பண்ண?"

மழை கொஞ்சம் வலுத்தது. ஜன்னல் எல்லாம் மூடிக் கிடந்தன. அவன் நின்ற இடத்திலேயே நின்றான். அவள் போனால் வீட்டில் காலையில் டீ போட யாரும் இருக்கமாட்டார்கள் என்று தோன்றியது. அதுவல்ல விஷயம். கதவைச் சாத்தினீங்களா என்று கேட்க ஒரு ஆள் இருக்காது. அதையும் யோசித்தான். யோசித்த பிறகும் மனசு ஒரே இடத்தில் நின்றது. மனைவி தன் கையால் சேர்த்து வைத்தது உலகத்தில் இது ஒன்றுதான். அது இவர்கள் கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் அவனால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை. இங்கே இருந்தது.

"நான் தொறக்கத்தான் போறேன், அத்தை," என்றான். "உங்க மேல கோபமில்ல. நீங்க பக்கத்துல இருந்தா நல்லது. இல்லன்னாலும் தொறப்பேன்."

குரல் உயரவில்லை. அதனாலேயே அத்தையின் பிடி தளர்ந்தது போலிருந்தது. டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு, மெஷினில் போய் உட்கார்ந்துகொண்டு மிதிக்க ஆரம்பித்தாள். வீடு அதிர்ந்தது.

அவன் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்தான். ஜன்னல்களைத் திறந்தான். சாரல் மேசை ஓரம் வரை வந்து நின்றது. நாடாவைச் சுற்றி வர உரித்து மூடியை எடுத்தான். சாவிக்காரர் இருமிக்கொண்டே பின்வாங்கினார்.

உறைகள் வரிசையாக இருந்தன. வெள்ளை ஃபிளானல் மஞ்சளாகி, சில இடங்களில் பச்சை பூத்திருந்தது. மேலே இருந்த ஒன்றை எடுத்துக் கத்தியை வெளியே இழுத்தான். வரவில்லை. துணி துருவோடு ஒட்டியிருந்தது. கொஞ்சம் அழுத்தி இழுத்தான். 'சர்' என்று உறை நீளவாக்கில் கிழிந்தது.

மெஷின் நின்றது.

"என்ன கிழிஞ்சுச்சு?"

"உறை."

"துணியா, தையலா?"

அவன் பார்த்தான். "தையல் விட்டுருச்சு."

"விட்டிருக்காதே. அது ரெட்டைத் தையல்." அத்தை எழுந்து வந்தாள். உறையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். விளிம்பில் தொங்கிய நூலை இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்தாள். நூல் மாவு போல உதிர்ந்தது. இன்னொரு இடத்தில் இழுத்தாள். அங்கேயும் உதிர்ந்தது. துணியை விரலால் அழுத்தினாள். விரல் மறுபக்கம் வந்தது.

"புது நூல்," என்றாள். "சீருடைக்குப் போடற நூல். பசங்க முட்டி தேஞ்சு போகும், இந்த நூல் இத்துப் போகாது."

அத்தை ஸ்டூலை இழுத்து மேசை ஓரம் போட்டு உட்கார்ந்தாள்.

"எது கெட்டது, எது நல்லது, எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"ஊசியப் பழுக்கக் காய்ச்சி வச்சுப் பாக்கலாம்," என்றார் சாவிக்காரர், மறுபடி உயிர் வந்து. "எலும்புன்னா முடி கருகற வாசனை, பிளாஸ்டிக்னா..."

"செல்லுலாய்டுன்னா வீடு எரியும்," என்றான் அவன். "பழைய சினிமாச் சுருள் இதுலதான் செஞ்சாங்க. நெருப்பு பக்கத்துலயே கொண்டு போகக்கூடாது. கட்டைவிரலால நல்லா தேச்சு, சூடானதும் மோந்து பாக்கணும். கற்பூரம் சேர்த்துத்தான் அதச் செய்வாங்க, கற்பூரம் அடிச்சா அதுதான்."

சொல்லிவிட்டு ஒரு கத்தியைத் தேய்த்து முகர்ந்தான். ஒன்றும் தெரியவில்லை. அறை முழுக்கவே நெடி. சாவிக்காரர் முகர்ந்துவிட்டு, "எனக்கு ஜலதோஷம்," என்றார்.

"இங்க கொடுங்க," என்றாள் அத்தை.

தேய்த்தாள். முகர்ந்தாள். "இது இல்ல." அடுத்தது. "இது இல்ல." அதற்கடுத்ததில் கொஞ்ச நேரம் நின்றாள். மறுபடி முகர்ந்தாள். "இதுதான்," என்று மேசையின் அந்தக் கோடியில் தள்ளினாள்.

எத்தனையோ மாதமாக ஒரே வாசனைக்குப் பழகிய மூக்கு. அது ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அவள் 'இதுதான்' என்ற பிடிகளில் எல்லாம் வெடிப்பு ஓடியிருந்தது. சிலவற்றில் வேர்வை மாதிரி பிசுபிசுப்பு.

வேலை மும்முரமாகியது. அத்தை பிரித்துப் போடுவாள். அவன் ஒட்டிய துணியைச் சுரண்டி, எண்ணெய் தோய்த்த துணியால் துருவைத் தேய்ப்பான். சாவிக்காரர் குறடால் நோயாளிப் பிடிகளை உடைத்து எடுப்பார். பிடி போனால் கத்தியாவது மிஞ்சும். உடைந்த துண்டுகள் தண்ணீர் வாளியில் விழுந்தன. எலும்புப் பிடிகள் பிழைத்திருந்தன. அவற்றின் அலகுகள்தான் பாவம், பக்கத்திலிருந்த குற்றத்துக்கு அம்மை போட்டிருந்தன. சில அலகுகள் முதுகு வரைக்கும் துரு தின்றுக் கையில் எடுத்ததும் முறிந்தன. அவற்றை அவன் தனியாக வைத்தான்.

"நிஜக் கொம்பு வாங்குன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்," என்றார் சாவிக்காரர். "கேட்டாளா தங்கச்சி? கொம்புக்கு இந்தச் சீக்கெல்லாம் வருமா?"

"மானுக்கு வருமில்ல," என்றாள் அத்தை. "மானைக் கேட்டீங்களா?"

"அதுவா உதிர்க்கற கொம்பும்மா அது."

"ஆமா, உங்க கடைல வந்து உதிர்த்துட்டுப் போகுது."

சாவிக்காரர் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை, ஆனால் கை ஒரு நொடி நின்றது. எலும்புப் பிடி ஒன்றைத் திருப்பிப் பார்த்தான். கொம்பின் பட்டை போலத் தெரிவதற்காக யாரோ வெட்டிய பள்ளங்கள். ஒரு பள்ளம் நேராகப் போய், நடுவில் காரணமில்லாமல் வளைந்திருந்தது.

"இதத்தான் காட்டுவா," என்றான். "இந்த வளைவ. மான் யோசிச்சு வளர்க்கலையாம். இத வெட்டினவன் யோசிச்சிருக்கானாம். யாருக்கும் தெரியப் போறதில்லன்னு தெரிஞ்சும், மான் மாதிரி இருக்கட்டும்னு."

"என்கிட்டயும் சொல்லியிருக்கா," என்றார் சாவிக்காரர். "நான் ஒத்துக்கல."

"இப்ப?"

"இப்பவும் ஒத்துக்கல." குறடை அழுத்தினார். ஒரு பிடி பிஸ்கட் போல நொறுங்கியது. "ஆனா சண்டை போட ஆளில்ல."

அத்தை எழுந்து போய் டீ போட்டு ரொட்டியோடு கொண்டு வந்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும் என்று இரண்டு பேரையும் மிரட்டினாள். சாவிக்காரர் ரொட்டியை டீயில் முக்கித் தின்றார். சாப்பிட்ட பிறகும் வேலை இருந்தது. சாரல் நின்று வெளிச்சம் வெளுத்தபோதுதான் டப்பா காலியானது. உடைந்த பிடிகள் கிடந்த வாளியைச் சாவிக்காரரே தூக்கிக்கொண்டார். "இத எங்க கொட்டணுமோ அங்க கொட்டிக்கறேன். உங்க வீட்டுக் குப்பைல போட்டா, நாளைக்கு எவனாவது பீடிய எறிவான்." போகும்போது, தான் சரிசெய்த கத்தியை மடக்கி விரித்துக் காட்டினார். 'டக்' என்று நின்றது. எலும்புப் பிடி. அதைப் பிழைத்தவற்றின் வரிசையில் வைத்துவிட்டுப் போனார்.

அவன் அலுமினியத் தட்டுகளைத் தேடி எடுத்தான். அந்த அறைக்குள் போய்த்தான் எடுக்க வேண்டியிருந்தது, போனான். பிழைத்தவற்றைப் பரப்பினான். பரப்பும்போதே தெரிந்தது, அவள் முதன்முதலாக வாங்கிய கத்தி அதில் இல்லை. முறிந்தவற்றிலும் இல்லை. கல்லூரியில் படித்தபோது வாங்கியது. தேன் நிறத்தில் பிடி, இரண்டு அலகு. எப்போதும் கைப்பையில் இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் பஸ் நிறுத்தத்தில் ஆப்பிள் நறுக்கி, அலகின் முனையிலேயே துண்டைக் குத்தி அவனிடம் நீட்டுவாள்.

"அத்தை, அவளோட மொதக் கத்தி?"

அத்தை மெஷினுக்குத் திரும்பியிருந்தாள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "எது?"

"தேன் கலர்ல."

"டப்பாவுல இருந்ததெல்லாம் எடுத்தாச்சு."

அது பொய்யில்லை என்று அவனுக்குப் பட்டது. மேலே கேட்கவில்லை. செய்தித்தாளைச் சுருட்டினான். மேசையைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

பின்னால் மெஷினின் இழுப்பறை திறக்கிற சத்தம் கேட்டது. அத்தை இழுப்பறையை அப்படியே கழற்றித் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். பாபின்கள், பித்தான்கள், அளவு நாடா. நடுவில் ஒரு ஃபிளானல் உறை. சுற்றிலும் ஊசிப் பொட்டலங்கள், எல்லாம் பழுப்பு.

"மழைன்னு நெனச்சேன்," என்றாள். "வெள்ளைச் சட்டைல எல்லாம் துருக் கறை. ஒரு டீச்சரம்மா வந்து திட்டிட்டுப் போனாங்க. அப்பவும் மழைன்னுதான் சொன்னேன்."

அவன் உறையிலிருந்து கத்தியை எடுத்தான். அலகைத் திறக்க முடியவில்லை. பிடி குறுக்கும் நெடுக்கும் வெடித்து, உள்ளே பித்தளை பச்சைக் களிம்பாகத் தெரிந்தது. மூக்கருகே கொண்டு போனான். கற்பூரம். அதன் அடியில் அந்தக் குத்தல். வேறொன்றும் இல்லை. ரொம்ப நேரம் தேடினான்.

"இது அவ வாசனை இல்ல, அத்தை."

"தெரியும்."

அவன் நிமிர்ந்தான்.

"மொதல்லேர்ந்தே தெரியும்," என்றாள் அத்தை. "அவ தைலத்துல யூகலிப்டஸும் சேர்ந்து அடிக்கும். பெத்தவளுக்குத் தெரியாதா? இது ஏதோ வேற. ஆனா வேற ஒண்ணும் இல்லையே மாப்ள இந்த வீட்டுல. தலகாணி உறையெல்லாம் தொவைச்சாச்சு. இருந்ததை வச்சுக்கிட்டேன்."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"வேணும்னா வச்சுக்கோங்க," என்றான். "தனியா, ஜன்னல் பக்கம். மத்ததுக்கு ஒண்ணும் ஆகாது."

"பிடிய எடுத்தா அலகு பொழைக்குமா?"

"பொழைக்கலாம்."

"அப்போ எடுங்க."

சாவிக்காரர் குறடை விட்டுவிட்டுப் போயிருந்தார். அவன் எடுத்தான். கத்தியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு குறடை வைக்கும்போது கை நழுவியது. இரண்டாம் முறையும் நழுவியது. அத்தை முந்தானையால் கத்தியைச் சுற்றி, இரண்டு கையாலும் மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ம்," என்றாள்.

அழுத்தினான். சத்தமே வரவில்லை. தேன் நிறப் பிடி துண்டு துண்டாக மேசையில் விழுந்தது. மறுபக்கத்தையும் எடுத்தார்கள். மெலிந்து, வெறும் பித்தளைத் தகடுகளுக்கு நடுவே இரண்டு அலகுகள் மிஞ்சின. அத்தை மெஷின் எண்ணெய்க் குப்பியை எடுத்து மூட்டில் சொட்டினாள். துணியால் தேய்த்தாள். விடாமல் தேய்த்தாள். பெரிய அலகு நகர்ந்தது. முழுசாகத் திறக்கவில்லை, பாதி திறந்தது. துருவுக்கு நடுவில் ஒரு விரல் நீளத்துக்கு வெளிச்சம் பட்ட இரும்பு.

அவன் அதை வாங்கித் தட்டில், மற்றவற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தான். தட்டைத் தூக்கி ஜன்னல் விளிம்பில் வைத்தான். காற்று ஈரமாக உள்ளே வந்தது.

அத்தை வந்து பக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்தாள். "திரும்பப் பெய்யும் போலிருக்கே. நீங்க பாட்டுக்கு ஜன்னல்ல வச்சுட்டு வேலைக்குப் போயிடுவீங்க. சாரல் அடிச்சா யார் எடுத்து உள்ள வைக்கறது?"

அவன் அவளைப் பார்த்தான்.

"நான்தான் வைக்கணும்," என்றாள் அத்தை, யாரோ வேண்டுமென்றே தன் தலையில் கட்டிவிட்ட வேலை போல. பிறகு துருப்பிடித்த ஊசிப் பொட்டலங்களைக் கையில் அள்ளிக்கொண்டு, செருப்பைத் தேடினாள். "கடைக்குப் போயிட்டு வர்றேன். காலைல இத்தனை சட்டை கொடுத்தாகணும். கதவைச் சாத்திக்கோங்க. ஜன்னலைச் சாத்தாதீங்க."